காபித்தூள் வைக்காதீங்க... உரிந்த தோலை வெட்டாதீங்க! ஏற்காடு மலையில் முதியோரை கவனிப்பவர்கள் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம்

ஏற்காடு,

விடிகாலை நேரம். வெளியே கை நீட்டினால் கை தெரியாத பனி. கட்டிலில் படுத்திருக்கும் 80 வயது மாமியாரை பாத்ரூமுக்கு கூட்டிப்போக மருமகள் வருகிறார். "எந்திரிங்க அத்தை..." என்று முன்னங்கையை பிடித்து தூக்குகிறார். அவ்வளவுதான். பிடித்த இடத்தில் தோல் ஈரக்காகிதம் மாதிரி வழன்று, ஒரு ஓரமாக சுருண்டு நிற்கிறது. ரத்தம் கசிகிறது.

மாமியார் அலறுகிறார். மருமகள் பதறுகிறார். சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டுக்காரர் அடுப்படிக்கு போய் ஒரு கை காபித்தூளை அள்ளி வந்து அப்புகிறார். சாயங்காலம் வரும் சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "கிழவியை என்ன பண்ணினே?" என்பதுதான்.

ஏற்காடு மலையில் எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய காட்சி இது. மருமகள் அடிக்கவும் இல்லை, கிள்ளவும் இல்லை. நல்ல எண்ணத்தில் தூக்கிவிட்டார். ஆனால் தூக்கிய விதம்தான் தப்பு. அதைவிட பெரிய தப்பு, அந்த காபித்தூள்!

இதற்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் தோல் கிழிசல். சர்க்கரை நோய், ரத்தக்கொதிப்பு தெரிந்த அளவுக்கு இது யாருக்கும் தெரியாது. சரியாக கவனித்தால் பெரும்பாலும் 2, 3 வாரத்தில் ஆறிவிடும். கைக்கு வந்ததை எல்லாம் அப்பினால், சின்ன காயம் மாதக்கணக்கில் ஆறாத புண்ணாகி, மலையில் இருந்து சேலத்துக்கு தூக்கிக்கொண்டு ஓடும் நிலைமை வந்துவிடும்.

படுக்கைப்புண் வேறு, இது வேறு

நிறைய பேர் இதை படுக்கைப்புண் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது தவறு. ஒரே பக்கமாக படுத்தே கிடப்பதால் எலும்பு அழுந்தும் இடத்தில் வருவது படுக்கைப்புண். அது இடுப்பு, குதிகால், முதுகின் கீழ்ப்பகுதியில் வரும். மெதுவாக உண்டாகும்.

தோல் கிழிசல் அப்படி இல்லை. இழுபடுவதாலும், உரசுவதாலும், இடித்துக்கொள்வதாலும், பிளாஸ்திரியை வெடுக்கென்று பிடுங்குவதாலும் ஒரே நொடியில் வந்துவிடும். முன்னங்கை, புறங்கை, முழங்கை, கெண்டைக்கால் எலும்பின் முன்பக்கம் ஆகிய இடங்களில்தான் அதிகம். படுத்த படுக்கையாக இருப்பவருக்கும் வரும். நன்றாக நடமாடுகிறவருக்கும் வரும்.

வயசானவர் தோல் ஏன் கிழிகிறது?

நம் தோலில் மேல்தோல், அடித்தோல் என்று 2 அடுக்குகள் உண்டு. இளவயதில் இந்த இரண்டும் மேடும் பள்ளமுமாக, ஜிப் போட்ட மாதிரி ஒன்றோடு ஒன்று கோர்த்துக்கொண்டு இருக்கும். பிடித்து இழுத்தாலும் இரண்டும் சேர்ந்தே நகரும்.

வயது ஏற ஏற அந்த மேடு பள்ளம் தட்டையாகிவிடுகிறது. தோலுக்கு உறுதி கொடுக்கும் கொலாஜன் என்ற புரதம் குறைகிறது. தோலுக்கு அடியில் மெத்தை மாதிரி இருக்கும் கொழுப்பும் கரைகிறது. எண்ணெய்ப்பசை சுரப்பதும் குறைகிறது. அதனால் லேசாக இழுத்தாலே மேல்தோல் தனியாக வழுக்கி கழன்று வந்துவிடுகிறது.

புறங்கையில் காரணமே இல்லாமல் கருஞ்சிவப்பு திட்டுகள் வருவது, தோல் டிஷ்யூ பேப்பர் போல மெலிந்து பளபளப்பாக தெரிவது, ஏற்கனவே ஒருமுறை கிழிந்த தழும்பு இருப்பது - இந்த மூன்றும் எச்சரிக்கை மணி. இப்படி இருப்பவர்களை கண்ணாடிப் பாத்திரம் மாதிரி கையாள வேண்டும்.

மாத்திரைகளும் ஒரு காரணம். வீசிங், மூட்டுவாதம் போன்றவற்றுக்கு நீண்டநாள் ஸ்டீராய்டு சாப்பிடுபவர்களுக்கு தோல் மெலிந்துவிடும். மாரடைப்பு, பக்கவாதம் வந்தவர்களுக்கு ரத்தம் உறையாமல் இருக்க தரும் ஆஸ்பிரின், குளோபிடோகிரல், வார்பரின் போன்றவற்றால் ரத்தக்கசிவு நிற்க நேரம் ஆகும். அதற்காக, "தோல் கிழியுதே" என்று அந்த மாத்திரைகளை தானாக நிறுத்திவிடக்கூடாது. அது உயிருக்கே ஆபத்து. டாக்டரிடம் சொல்லித்தான் எதையும் மாற்ற வேண்டும்.

மலையில் கூடுதல் கவனம் ஏன்?

சேர்வராயன் மலைத்தொடரில் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஏற்காடு. மழைக்காலம் முடிந்து மார்கழி, தை மாதங்களில் வீசும் குளிர்காற்றில் சின்னப்பிள்ளைகளின் கன்னமே வெடிக்கும். வயசானவர்கள் தோலை பற்றி சொல்லவே வேண்டாம். வெள்ளைக்கோடு விழும் அளவுக்கு வறண்டு போகும்.

குளிருக்கு பயந்து கொதிக்க கொதிக்க வெந்நீர் வைத்து, சோப்பை அழுத்தி தேய்த்து குளிப்பாட்டுவார்கள். இருக்கிற கொஞ்சநஞ்ச எண்ணெய்ப்பசையும் அதில் போய்விடும். பிறகு சொரசொரப்பான கம்பளி, கணப்பு அடுப்பின் அனல். வறண்ட தோல் இன்னும் வறளும். வறண்ட தோல் அரிக்கும். சொறிந்தால் நகம் பட்டு கிழியும்.

காபி பழம் பறிக்கும் சீசனும் இதே குளிர்காலத்தை ஒட்டித்தான் வருகிறது. வீட்டில் தெம்பாக இருப்பவர்கள் எல்லாம் எஸ்டேட் வேலைக்கு போய்விடுவார்கள். வயசானவரை பார்த்துக்கொள்வது பள்ளிக்கூடம் விட்டு வரும் பேரன், பேத்தி. அல்லது இன்னொரு வயசானவர். பிள்ளைகள் சேலம், திருப்பூர், கோவை என்று வேலைக்கு போய்விட்ட வீடுகளில் இதுவும் கிடையாது.

2011-ம் ஆண்டு மக்கள்தொகை கணக்கெடுப்பின்படியே தமிழ்நாட்டில் 100 பேரில் 10 பேருக்கு மேல் 60 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள். அந்த எண்ணிக்கை கூடிக்கொண்டேதான் போகிறது. நாகலூர், வாழவந்தி, செம்மநத்தம், மாரமங்கலம் என்று மலை முழுக்க சிதறிக்கிடக்கும் ஊர்களில் இருந்து ஏற்காடு டவுனுக்கு வருவதே ஒரு பயணம். அங்கிருந்து சேலம் போக 20 கொண்டை ஊசி வளைவுகளை தாண்ட வேண்டும். அதனால் காயம் பட்ட முதல் அரை மணி நேரத்தில் வீட்டில் இருப்பவர் என்ன செய்கிறார் என்பதுதான் இங்கே முக்கியம்.

3 வகை கிழிசல்

சர்வதேச தோல் கிழிசல் ஆலோசனைக்குழு 2013-ம் ஆண்டு இந்த காயங்களை 3 வகையாக பிரித்தது. மிக எளிமையானது. வீட்டில் இருப்பவர்களே பார்த்து சொல்லிவிடலாம்.

முதல் வகை: தோல் கிழிந்திருக்கும். ஆனால் எங்கும் போயிருக்காது. சுருண்டு கிடக்கும் தோலை மெதுவாக விரித்தால் காயத்தை முழுசாக மூடிவிடும்.

2-வது வகை: தோலில் ஒரு பகுதி பிய்ந்து போயிருக்கும். மீதி இருப்பதை விரித்தாலும் காயம் முழுசாக மூடாது.

3-வது வகை: தோல் மொத்தமாக போய்விட்டது. சிவந்த சதை மட்டும் தெரியும்.

முதல் வகைதான் சீக்கிரம் ஆறும். ஆனால் அதை 3-வது வகையாக மாற்றுவது பல நேரங்களில் நம்ம ஆட்கள்தான்! "தொங்கிட்டு இருக்கு, வெட்டி விட்டுடலாம்" என்று கத்தரிக்கோலை எடுத்துவிடுகிறார்கள். அப்படி செய்யவே கூடாது. மருந்துக்கடையில் எத்தனை ரூபாய் கொடுத்து வாங்கும் கட்டாக இருந்தாலும், அவரவர் சொந்த தோலுக்கு ஈடாகாது. உரிந்த தோல்தான் முதல் கட்டு. அதை காப்பாற்றினால் காயம் பாதி ஆறிய மாதிரி.

உடனே செய்ய வேண்டியது

1. முதலில் பதறக்கூடாது. அவரை உட்கார வைத்து அல்லது படுக்க வைத்து தைரியம் சொல்ல வேண்டும். உதவுகிறவர் சோப்பு போட்டு கை கழுவ வேண்டும். கையுறை இருந்தால் போட்டுக்கொள்ளலாம்.

2. அடிபட்ட கையில் மோதிரம், வளையல், கடிகாரம் இருந்தால் வீக்கம் வருவதற்கு முன் கழற்றிவிட வேண்டும். வளையலை காயத்தின் மேல் உரசாமல் எடுக்க வேண்டும்.

3. சுத்தமான துணியை காயத்தின் மேல் வைத்து உள்ளங்கையால் சீராக அழுத்தி பிடிக்க வேண்டும். தேய்க்கக்கூடாது. கையை அல்லது காலை தலையணை வைத்து உயர்த்த வேண்டும். 10 நிமிடம் ஆகும் வரை "நின்னுடுச்சா?" என்று நடுவில் திறந்து திறந்து பார்க்கக்கூடாது.

4. ரத்தம் நின்றதும் மருந்துக்கடையில் கிடைக்கும் சலைன் தண்ணீர், அது இல்லையென்றால் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை மெதுவாக ஊற்றி கழுவ வேண்டும். உள்ளே இருக்கும் தூசி, ரத்தக்கட்டி போக வேண்டும்.

5. உரிந்த தோல் காய்ந்து சுருண்டிருந்தால் அதை பிடித்து இழுக்கக்கூடாது. சலைனில் நனைத்த காஸ் துணியை அதன் மேல் 5 முதல் 10 நிமிடம் வைத்தால் இளகிவிடும். பிறகு கையுறை போட்ட ஈர விரலால், கசங்கிய துணியை நீவி விடுகிற மாதிரி, தோலை பழைய இடத்துக்கு உருட்டி விரிக்க வேண்டும். எட்டும் வரைக்கும் போதும். எட்டாத இடத்துக்கு இழுத்து பிடித்து மூடினால் அந்த தோல் ரத்த ஓட்டம் இல்லாமல் கருகிவிடும்.

6. அதன் மேல் ஒட்டாத வகை கட்டு போட வேண்டும். சிலிக்கான் வலை கட்டு சிறந்தது. அது கிடைக்காத ஊரில் வாசலின் போன்ற பசை தடவி வரும் பாரபின் காஸ் போதும். அதற்கு மேல் சுத்தமான காஸ், அதற்கு மேல் பேண்டேஜ் துணியை தளர்வாக சுற்ற வேண்டும். தோல் மேல் பிளாஸ்திரி ஒட்டக்கூடாது. துணி மேல் துணியாக ஒட்டிக்கொள்ளலாம்.

7. தோல் எந்த பக்கம் ஒட்டிக்கொண்டு இருக்கிறதோ, அந்த பக்கத்தில் இருந்து கிழிந்த பக்கம் நோக்கி கட்டின் மேல் பேனாவால் ஒரு அம்புக்குறி போட வேண்டும். தேதியும் எழுத வேண்டும். அடுத்த முறை யார் கட்டு பிரித்தாலும் அம்பு காட்டும் திசையில் பிரித்தால், படிந்த தோல் மறுபடி தூக்கிக்கொண்டு வராது.

மூடுவதற்கு முன் செல்போனில் ஒரு போட்டோ எடுத்து வைப்பது நல்லது. நர்சு, டாக்டரிடம் காட்ட உதவும். "என்ன பண்ணினே?" என்று கேட்கும் சொந்தக்காரர்களுக்கும் அதுவே பதில்.

காபித்தூள் ஏன் கூடாது?

காபி ஏற்காட்டின் அடையாளம். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர் இந்த மலையில் காபி பயிரிட வழி செய்தார். அன்று முதல் இன்று வரை மலை மக்களின் பிழைப்பு காபியோடுதான். அதனால் ரத்தம் வந்தால் கை தானாக காபித்தூள் டப்பாவுக்கு போகிறது. "எங்க தாத்தா காலத்துல இருந்து இதான் வைக்கிறோம். உடனே நிக்குமே" என்பார்கள்.

ரத்தத்தை நிறுத்துவது காபித்தூள் அல்ல. அதை வைத்து அழுத்தி பிடிக்கும் கை! தூள் இல்லாமல் சுத்தமான துணியை வைத்து அழுத்தினாலும் நிற்கத்தான் செய்யும்.

கத்திவெட்டு போல கோடாக விழும் காயம் வேறு. தோல் கிழிசலில் உரிந்த தோலுக்கு கீழே ஒரு பை மாதிரி இடம் இருக்கும். தூள் அதற்குள் போய் அப்பிக்கொள்ளும். ஆஸ்பத்திரிக்கு போனதும் அதை சுரண்டி எடுக்க வேண்டும். சுரண்டும்போது மெலிந்த தோலும் சேர்ந்து போய்விடும். எடுக்காமல் விட்டால் உள்ளே சீழ் பிடிக்கும். தோல் பழையபடி ஒட்டாது. காயம் ஆழமா, ரத்தம் இன்னும் கசிகிறதா என்பதும் கறுப்புத்தூளுக்கு அடியில் தெரியாது.

மஞ்சள்தூள், சுண்ணாம்பு, சாம்பல், டூத் பேஸ்ட், பச்சிலை சாறு எல்லாவற்றுக்கும் இதே கதைதான். சாணம், மண் பட்டால் தனுர்வாத கிருமி உள்ளே போகும் ஆபத்தும் உண்டு.

வேறு சில தவறுகளும் நடக்கின்றன. ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு, தண்ணீர் கலக்காத டெட்டால் ஆகியவற்றை ஊற்றினால் கிருமியோடு சேர்ந்து புதிதாக வளரும் சதையும் செத்துவிடும். அயோடின் மருந்து காயத்தை உலர்த்திவிடும் என்பதால் தோல் கிழிசலுக்கு வழக்கமாக பரிந்துரைப்பது இல்லை. பஞ்சை நேராக காயத்தில் வைத்தால் நார் ஒட்டிக்கொள்ளும். சாதாரண பிளாஸ்திரி ஒட்டினால், அதை எடுக்கும்போது இன்னொரு கிழிசல் இலவசம்! "காத்தாட விட்டா காஞ்சிடும்" என்று திறந்து போடுவதும் தவறு. காயம் லேசான ஈரப்பதத்தில் மூடி இருந்தால்தான் நன்றாக ஆறும்.

தினமும் கட்டு பிரிக்கலாமா?

கூடாது. ஒவ்வொரு முறை பிரிக்கும்போதும் ஒட்ட ஆரம்பித்த தோல் அசைந்துவிடும். முதல் 2 நாளில் ஒருமுறை நர்சு அல்லது டாக்டர் பார்த்து, தோல் வெளிறியோ கருத்தோ போகாமல் நல்ல நிறத்தில் இருந்தால், ஒட்டாத வகை கட்டை பல நாட்கள் அப்படியே விட்டுவைக்க சொல்வார்கள். கட்டு நனைந்தாலோ, ரத்தம், சீழ் ஊறி வெளியே தெரிந்தாலோ மட்டும் முன்கூட்டியே மாற்ற வேண்டும். ஒட்டிக்கொண்ட கட்டை சலைன் ஊற்றி ஊறவைத்துத்தான் எடுக்க வேண்டும்.

தனுர்வாத தடுப்பூசி கடைசியாக எப்போது போட்டார்கள் என்பதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். தேவைப்பட்டால் டி.டி. ஊசி போடுவார்கள்.

எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

* 10, 15 நிமிடம் அழுத்தி பிடித்தும் ரத்தம் நிற்கவில்லை என்றால்.

* தோல் பெருமளவு பிய்ந்து போயிருந்தால், மஞ்சள் நிற கொழுப்போ, அதற்கு கீழேயோ தெரியும் அளவுக்கு ஆழமாக இருந்தால்.

* தோலுக்கு அடியில் ரத்தம் கட்டி பந்து மாதிரி வீங்கினால்.

* கீழே விழுந்ததால் வந்த காயம் என்றால். தோலை பார்த்துக்கொண்டு இடுப்பெலும்பு முறிவை கோட்டை விட்டுவிடக்கூடாது. ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுபவர் தலையில் அடிபட்டிருந்தால் ஒரு நிமிடம் கூட தாமதிக்கக்கூடாது.

* சர்க்கரை நோயாளிக்கு முழங்காலுக்கு கீழே காயம் என்றால், அல்லது கால் ஏற்கனவே வீங்கி இருந்தால். இவர்களுக்கு ரத்த ஓட்டத்தை பரிசோதிக்காமல் இறுக்கமாக கட்டு போட்டால் கால் அழுகும் ஆபத்து உண்டு.

* காயத்தை சுற்றி சிவப்பு பரவுவது, சூடு, சீழ், நாற்றம், கூடிக்கொண்டே போகும் வலி, காய்ச்சல், திடீர் குழப்பமான பேச்சு.

* 4 வாரம் ஆகியும் ஆறவில்லை என்றால்.

முதலில் ஏற்காடு அரசு ஆஸ்பத்திரி அல்லது பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டலாம். அங்கு முடியாத காயத்தை சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். அவசரத்துக்கு 108 ஆம்புலன்ஸ், ஆலோசனைக்கு 104 எண்.

காரில் கூட்டிப்போகும்போதும் கவனம் தேவை. கொண்டை ஊசி வளைவில் உடம்பு அங்கும் இங்கும் சாயும். கை கதவில் இடிக்கும். கையை மெல்லிய சால்வையில் சுற்றி வயிற்றோடு அணைத்து, இரண்டு பக்கமும் தலையணை வைக்க வேண்டும். சீட் பெல்ட்டுக்கு அடியில் ஒரு டவலை மடித்து வைக்கலாம். ரோடு இல்லாத இடத்தில் போர்வை கட்டி தூக்கி வருபவர்கள், கை கால் வெளியே தொங்கி மரக்கிளையில் உரசாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வராமல் தடுப்பது எப்படி?

தோல் கிழிசலில் நல்ல செய்தி ஒன்று உண்டு. பாதிக்கு பாதி தடுத்துவிடலாம். அதற்கு ஆகும் செலவும் குறைவு.

மேற்கு ஆஸ்திரேலியாவில் முதியோர் இல்லங்களில் ஒரு ஆய்வு நடத்தினார்கள். முடிவு 2014-ல் வெளிவந்தது. ஒரு பிரிவினருக்கு தினமும் காலை, மாலை 2 வேளையும் கை, கால்களில் வாசனை சேர்க்காத ஈரப்பத கிரீம் தடவினார்கள். மற்ற பிரிவினருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். கிரீம் தடவியவர்களிடம் தோல் கிழிசல் ஏறத்தாழ பாதியாக குறைந்தது. வேறு எந்த மந்திரமும் இல்லை. 2 வேளை தடவியதுதான்!

கிரீம் வாங்க முடியாதவர்கள் தேங்காய் எண்ணெய் தடவலாம். 2004-ல் பிலிப்பைன்ஸ் நாட்டு டாக்டர்கள் வெளியிட்ட ஆய்வில், தோல் வறட்சியை போக்குவதில் தேங்காய் எண்ணெய் மினரல் ஆயிலுக்கு சமமாக வேலை செய்தது. ஏற்காடு குளிரில் எண்ணெய் பாட்டிலுக்குள் கட்டியாக உறைந்துவிடும். அந்த கட்டியை அப்படியே தோலில் வைத்து தேய்க்கக்கூடாது. உள்ளங்கையில் உருக்கி, முடி வளரும் திசையில் மெதுவாக நீவ வேண்டும். குளித்து 3, 4 நிமிடத்துக்குள், தோல் லேசான ஈரமாக இருக்கும்போதே தடவினால் பலன் அதிகம். உள்ளங்காலில் தடவிவிட்டு நடக்க விடக்கூடாது. வழுக்கி விழுவார்கள். திறந்த காயத்தின் மேலும் தடவக்கூடாது.

குளிக்க வெதுவெதுப்பான தண்ணீர் போதும். சோப்பு குறைவாக போட வேண்டும். துண்டால் அழுத்தி துடைக்காமல் ஒற்றி எடுக்க வேண்டும்.

தூக்கும் விதத்தை மாற்றுங்க

முன்னங்கையை பிடித்து இழுத்து தூக்குவதை வீட்டில் எல்லோரும் விட்டுவிட வேண்டும். இது ஒன்றை மட்டும் நினைவில் வைத்தாலே பல காயங்கள் வராது.

உட்கார்ந்திருப்பவரை எழுப்ப, பக்கத்தில் நின்று ஒரு கையை அவர் முதுகுக்கு பின்னால் கொடுத்து இடுப்பை தாங்க வேண்டும். அவர் நம் கையை பிடித்துக்கொள்ளட்டும். நாம் அவர் கையை பிடிக்கக்கூடாது. பிடிக்க வேண்டி வந்தால் விரல் நுனியால் கவ்வாமல், உள்ளங்கையை விரித்து அடியில் இருந்து தாங்க வேண்டும்.

படுத்திருப்பவரை மேலே நகர்த்த, அடியில் ஒரு பருத்தி பெட்ஷீட்டை இரண்டாக மடித்து போட்டுவிட்டு, 2 பேர் இரு பக்கமும் அந்த துணியை பிடித்து தூக்கி வைக்க வேண்டும். இழுத்தால் தோல் மெத்தையோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். உடம்பு மட்டும் நகரும். அப்போதுதான் கிழிகிறது. ஆள் இல்லாத நேரத்தில் தனியாக இழுப்பதைவிட, பக்கத்து வீட்டில் ஒரு குரல் கொடுப்பது மேல்.

கவனிப்பவர் நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும். கல் வைத்த மோதிரம், கண்ணாடி வளையல், மணிக்கட்டு கடிகாரத்தை கழற்றிவிட்டு வேலை பார்க்க வேண்டும். முதியவரின் நகத்தையும் வெட்டி, முனையை தேய்த்துவிட வேண்டும்.

வீட்டை ஒரு சுற்று பாருங்க

கட்டில் முனை, தகர கதவின் ஓரம், ஆணி நீட்டிக்கொண்டு இருக்கும் ஸ்டூல், வீல் சேரின் கால் வைக்கும் தகடு - இவைதான் வில்லன்கள். பழைய துணியை சுற்றி கட்டினால் போதும். ராத்திரியில் பாத்ரூம் போகும் வழியில் சின்ன பல்பு எரியட்டும்.

முழுக்கை பருத்தி சட்டை, முழங்கால் வரை பருத்தி சாக்ஸ் போட்டுவிடலாம். புது சாக்ஸ் வாங்க வேண்டும் என்றுகூட இல்லை. பழைய பருத்தி சாக்சின் பாத பகுதியை வெட்டிவிட்டால் முன்னங்கைக்கு உறையாகிவிடும். மேல் பட்டி இறுக்கமாக இருக்கக்கூடாது. கம்பளி போர்த்துவதற்கு முன் உள்ளே ஒரு பருத்தி போர்வை போட வேண்டும்.

சாப்பாடும் முக்கியம். கஞ்சி மட்டும் குடித்தால் தோல் வலுக்காது. முட்டை, பருப்பு, பால், மீன், சுண்டல் என்று புரதம் தினமும் வேண்டும். சிறுநீரக கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரிடம் அளவு கேட்டுக்கொள்ள வேண்டும். "ராத்திரி எந்திரிக்கணுமே" என்று பயந்து பகலிலும் தண்ணீர் குடிக்காமல் இருப்பதை தடுக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்ததும் ஊசி போட்ட இடத்தில் ஒட்டிய பிளாஸ்திரியை வெடுக்கென்று பிடுங்கக்கூடாது. ஓரத்தில் கொஞ்சம் எண்ணெய் விட்டு ஊறவைத்து, ஒரு கையால் தோலை அமுக்கிக்கொண்டு, மறு கையால் தாழ்வாக மடித்து மெதுவாக உரிக்க வேண்டும். ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை கட்டும்போது அடியில் மெல்லிய துணி வைக்க சொல்லி நர்சிடம் கேட்கலாம். கேட்பதில் தப்பில்லை.

2021-ம் ஆண்டு ஆகஸ்டு 5-ந்தேதி தமிழக அரசு தொடங்கிய மக்களை தேடி மருத்துவம் திட்டத்தில், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து கவனிப்பதும் சேர்க்கப்பட்டது. வீட்டுக்கு வரும் சுகாதார பணியாளரிடம் மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடாமல், "கை, காலை ஒரு பார்வை பாருங்க" என்று சட்டையை சுருட்டி காட்டுவது நல்லது.

மருமகள் மேல் பழி போட வேண்டாம்

கடைசியாக ஒரு விஷயம். கையில் கருஞ்சிவப்பு திட்டும் கிழிசலும் இருந்தாலே, "அடிச்சிருக்கா" என்று ஊர் பேசிவிடுகிறது. அந்த பயத்தில் காயத்தை சேலைக்குள் மறைத்து, 3 நாள் கழித்து சீழ் பிடித்த பிறகு ஆஸ்பத்திரிக்கு வருபவர்களும் உண்டு. வயசான தோல் சும்மா பிடித்தாலும் கிழியும் என்பது தெரிந்துவிட்டால் மறைக்க வேண்டிய அவசியம் இருக்காது. அதேநேரம், காயம் எப்படி வந்தது என்று யாரும் சொல்ல முடியாமல் அடிக்கடி புதுப்புது காயம் வந்தால், அதை டாக்டரிடம் வெளிப்படையாக சொல்லிவிட வேண்டும்.

தூக்கிவிட்ட கையை குற்றம் சொல்லி பலன் இல்லை. எப்படி தூக்குவது என்று அந்த கைக்கு சொல்லிக்கொடுப்பதுதான் வேலை. காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை எண்ணெய் தடவுங்க. அடியில் கை கொடுத்து தூக்குங்க. தோல் உரிந்தால் வெட்டாமல் மூடுங்க. காபித்தூளை... டம்ளருக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்க!